காத்திருக்கும் உணவு: ஹோட்டல் பஃபேயை எப்படி எடைபோடுவது?

சென்னையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் ஞாயிறு மதிய பஃபே. கூடத்தின் ஒரு மூலையில் வாணலியில் பூரி பொரிந்துகொண்டிருந்தது. முதல் சுற்றில் மாஸ்டர் எண்ணெயை வடித்து நேராக என் தட்டில் வைத்தார். பந்துபோல் உப்பியிருந்த பூரியில் விரல் பட்டதும் மேல்தோல் நொறுங்கி ஆவி வெளியேறியது. அரை மணி கழித்து மறுபடி போனேன். கூட்டம் கூடிவிட்டதால் பூரிகளை முன்கூட்டியே பொரித்து, மூடி போட்ட பாத்திரத்தில் அடுக்கியிருந்தார்கள். அதே மாவு, அதே எண்ணெய், அதே மாஸ்டர். ஆனால் இந்தப் பூரியைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒன்றுதான். இரண்டாவது பூரி காத்திருந்தது.

பஃபே சாப்பிட்டுத் திரும்பியவர்களைக் கேட்டால் மூன்று விவரங்கள் கிடைக்கும்: எத்தனை வகை இருந்தது, தலைக்கு எவ்வளவு ஆனது, எவ்வளவு சாப்பிட முடிந்தது. மூன்றும் பயனுள்ள விவரங்களே. ஆனால் உணவு எப்படி இருந்தது என்பதை இவை அதிகம் சொல்வதில்லை. நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன்: இந்த உணவு சமைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று? பஃபேயின் சுவை, விலை, பாதுகாப்பு, அங்கே வீணாகும் உணவு ஆகிய நான்கையும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்று கருதுகிறேன்.

விருந்தினர் காத்திருந்த மேசை

பஃபே என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் உணவும் பாத்திரமும் வைக்கும் பக்க மேசையைக் குறித்தது. இன்றைய பஃபேயின் நெருங்கிய மூதாதை சுவீடனில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே வசதி படைத்த வீடுகளில், விருந்து தொடங்குமுன் ஒரு சிறு மேசையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன் இவற்றோடு பிரென்வின் என்ற சாராயத்தையும் வைப்பார்கள். தொலைவிலிருந்து வரும் விருந்தினர் முன்னும் பின்னுமாக வந்து சேர்வார்கள். எல்லோரும் கூடும்வரை வந்தவர்கள் நின்றபடியே கொறிப்பதற்கான ஏற்பாடு அது. அந்த மேசையில் இருந்தவை சூடாக இருக்கவேண்டிய தேவை இல்லாதவை. உப்பும் ஊறலும் ஏறிய மீன் இரண்டு மணி நேரம் இருந்தாலும் கெடாது. மனிதர்கள் காத்திருந்த அந்த மேசைக்குக் காத்திருக்கத் தெரிந்த உணவையே தேர்ந்திருந்தார்கள்.

பின்னாளில் இந்தக் கொறிப்பு மேசை சூடான பதார்த்தங்களையும் சேர்த்துக்கொண்டு ஸ்மோர்கஸ்போர்டு என்ற முழு விருந்தானது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிற்கு வந்த வெளிநாட்டவர் அதைக் கண்டார்கள். 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் அமைத்த உணவகம் அதை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அந்த மேசைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஹெர்ரிங் மீன், அடுத்து மற்ற குளிர்ந்த மீன்கள், பிறகு குளிர்ந்த இறைச்சி, அதன்பின் சூடானவை, கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக்கொள்ளும் இன்றைய வழக்கம் மூல மரபில் இல்லை.

ஐரோப்பியப் பிரபுக்களின் விருந்தறைகளில் வேறொரு வரலாறு நடந்தது. அங்கே நெடுங்காலம் நிலவியது பிரெஞ்சு முறை. பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பிவிடுவார்கள். கண்ணுக்கு அது பெரிய நிறைவு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் உண்ண முடியும். மற்றது வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ருஷ்ய முறை பரவியது. பதார்த்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்களையிலிருந்து சூடாகக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் பரிமாறும் முறை அது. ருஷ்யாவில் பணிபுரிந்து திரும்பிய உர்பேன் துபுவா போன்ற சமையற்கலைஞர்கள் பிரான்சில் அதை ஊன்றச் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒருசேரப் பரப்பிவைக்கும் முறையின் பெருங்குறை உணவு ஆறிப்போவது என்பதை ஐரோப்பா அப்போதே உணர்ந்திருந்தது. பஃபே அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது, அடியில் நெருப்பை வைத்து.

இதைப் பெருந்தொழிலாக்கியது அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். 1941இல் திறக்கப்பட்ட எல் ராஞ்சோ வேகாஸ் விடுதியில், அந்தப் பத்தாண்டிலேயே, இரவுக் காட்சி முடிந்து வருபவர்களுக்கு ஒரு டாலருக்கு விரும்பிய மட்டும் உண்ணும் மேசை போடப்பட்டது. சாப்பாட்டில் லாபம் பார்ப்பது நோக்கமில்லை. பசித்தவர் வெளியே போகாமல் சூதாட்ட மேசைக்குத் திரும்பினால் போதும். ஜப்பானுக்குப் பஃபே வேறு வழியில் போனது. டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலின் தலைவர் இனுமாரு தெட்சுசோ டென்மார்க்கில் ஸ்மோர்கஸ்போர்டைக் கண்டு, ஐரோப்பாவில் பயிற்சியில் இருந்த தம் சமையற்கலைஞர் முராகாமி நொபுவோவை அதைக் கற்கச் சொன்னார். 1958இல் ‘இம்பீரியல் வைக்கிங்’ என்ற உணவகம் பிறந்தது. அந்த ஆண்டு வெளிவந்த கிர்க் டக்ளஸ் நடித்த ‘தி வைக்கிங்ஸ்’ திரைப்படம் பெயருக்குக் காரணம். இன்றும் ஜப்பானியர் பஃபேயை ‘பைக்கிங்கு’ என்றே அழைக்கிறார்கள். அங்கே அளவில்லா உணவு தரும் கடைகள் பலவற்றில் 90 நிமிடம், 120 நிமிடம் என்று கெடு வைத்திருப்பார்கள். வயிற்றுக்கு அளவு வைக்காத கடைக்காரர் நேரத்துக்கு வைக்கிறார்.

சுவீடனில் உணவுக்காக மனிதர் காத்திருந்தனர். இன்று மனிதருக்காக உணவு காத்திருக்கிறது. இந்தத் திருப்பம்தான் பஃபேயின் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர்.

மூடிக்குள் நடப்பது

பஃபேயில் வரிசையாக நிற்கும் மூடி போட்ட பாத்திரத்தை ஹோட்டல்காரர்கள் சேஃபிங் டிஷ் என்பார்கள். கீழே ஒரு தட்டில் தண்ணீர், அதன் அடியில் எரியும் ஜெல் அல்லது மின்சாரச் சூடு, மேலே உணவுத் தட்டு. உணவின் சூட்டைத் தக்கவைப்பது மட்டுமே அதன் வேலை. ஆனால் சூடு இருக்கும்வரை சமையல் நிற்பதில்லை, ஓசையில்லாமல் தொடர்கிறது.

பீன்ஸ் பொரியலைப் பாருங்கள். இறக்கியவுடன் பளிச்சென்ற பச்சை. சூட்டிலேயே இருக்க இருக்க அதன் பச்சையம் சிதைந்து, காய் பாசிபிடித்தாற்போல் மங்கும். பொரித்த மீனில், உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்புற மொறுமொறுப்புக்குள் ஊறிவரும். மூடியில் படிந்த நீரும் சொட்டும். முட்டைப் பொரியல் இறுகி நீர் விடும். மோர்க்குழம்பு திரிந்துபோகும். இட்லியின் மேற்பக்கம் நீர்கோத்து ஓரம் காயும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மாவுச்சத்து இறுகிக் கல்லாகும். தோசையின் முறுகல் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

இதற்கு நேர்மாறாக, காத்திருந்தால் கெடாத உணவுகளும் உண்டு. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வத்தக்குழம்பு நேரம் ஆக ஆகத் திரண்டு வரும். எலும்போடு வெந்த ஆட்டிறைச்சி மென்சூட்டில் இன்னும் பதப்படும். இரவெல்லாம் சிறுதீயில் வேகும் தால் மக்கனிக்கு மேலும் இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டல்ல. கனத்த பாத்திரத்தில் தம் போட்ட பிரியாணி தன் சூட்டைத் தானே காக்கும். திறந்து திறந்து கிளறாமல் இருந்தால் போதும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் நெடுநாள் புதிர் ஒன்று விடுபடுகிறது. சென்னை, பெங்களூரு, டெல்லி என எங்கே போனாலும் பஃபேயில் பனீர் பட்டர் மசாலா, தால் மக்கனி, காய்கறிக் குருமா, பிரியாணி, வெள்ளை சாஸில் தோய்ந்த பாஸ்தா என்று ஒரே முகங்கள் எதிர்ப்படுவது ஏன்? சமையற்கலைஞர்களுக்குக் கற்பனை போதவில்லை என்று நாம் குறைகூறுகிறோம். உண்மையில் அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது சேஃபிங் டிஷ். அதன் சூட்டில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்காத நுட்பமான பதார்த்தங்கள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து உதிர்ந்தன. கெட்டியான குழம்பும் கொழுப்பும் உள்ளவை நிலைத்தன. எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாத அளவுக்குப் பஃபேக்கள் ஒன்றுபோல் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்கே உரிய உணவு பெரும்பாலும் கல்லிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ எடுத்த கையோடு உண்ண வேண்டியது.

கண்முன்னே செய்து தரும் லைவ் கவுன்டர் இதற்கான மாற்று. தோசைக் கல், முட்டை அடுப்பு, பாஸ்தா அடுப்பு ஆகியவற்றை வேடிக்கைக்காக வைத்திருப்பதாக நினைக்கிறோம். காத்திருக்க முடியாத உணவைப் பஃபேக்குள் கொண்டுவர இருக்கும் ஒரே நேர்மையான வழி அது. 2006இல் தொடங்கிய பார்பெக்யூ நேஷன் போன்ற உணவகங்கள் மேசை நடுவிலேயே கனல் அடுப்பைப் பதித்ததும் இந்தச் சிக்கலுக்கான விடையாகத்தான்.

பந்தியிடம் கற்கவேண்டியது

தமிழர்களுக்கு அளவில்லாச் சாப்பாடு புதிதல்ல. கல்யாணப் பந்தியும், ‘அளவுச் சாப்பாடு’ என்பதிலிருந்து பிரித்துக் காட்ட ‘ஃபுல் மீல்ஸ்’ என்று எழுதிவைத்திருக்கும் மெஸ்களும் அதைத்தான் தருகின்றன. ஒரே விலை, கேட்டவரை சோறு. ஆனால் அங்கே நடப்பவர் பரிமாறுபவர், உண்பவர் அமர்ந்திருக்கிறார்.

இந்தச் சிறு வேறுபாட்டின் விளைவுகள் பெரியவை. பந்தியில் உணவின் வரிசையைப் பரிமாறுபவர் காக்கிறார். பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று ஒன்று முடிந்தபின் அடுத்தது வரும். அளவையும் அவரே காக்கிறார். ஒரு கரண்டி வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். நாம் இலைக்குமேல் கையை நீட்டி மறித்தால் நகர்ந்துவிடுவார். வேண்டும் என்பதையும் போதும் என்பதையும் ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு பேர் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். பஃபேயில் அந்த இரண்டாவது ஆள் இல்லை.

பந்தியிலும் உணவு காத்திருக்கத்தான் செய்கிறது. அப்பளம் முன்னதாகவே பொரிபடுகிறது. சாம்பார் அண்டாவில் நிற்கிறது. ஆனால் ஆழமான அண்டாவில் நூறு பேருக்கான சாம்பார் தன் சூட்டை எளிதில் இழப்பதில்லை. பரப்பு குறைவு, கொள்ளளவு அதிகம். அதையே அகலமான ஆழமற்ற தட்டில் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் சூடு போகும், மேலே ஆடை படியும், ஓரம் காயும். கண்காட்சிக்கு ஏற்ற பாத்திரம் சாம்பாருக்கு ஏற்றதில்லை. பந்திக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்வதால், எப்போது இறக்கவேண்டும் என்பது சமையற்காரருக்குத் தெரியும். பஃபேக்கு மக்கள் பன்னிரண்டரைக்கும் வருவார்கள், இரண்டரைக்கும் வருவார்கள்.

பஃபேயின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இலை முன் சம்மணமிட்டு அமர முடியாதவர், குறிப்பிட்ட உணவு ஒவ்வாதவர், கேட்டு வாங்கத் தயங்குபவர், ஒரு புதுப் பதார்த்தத்தை ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து ருசிபார்க்க விரும்புபவர் ஆகியோருக்குப் பஃபே தரும் விடுதலை உண்மையானது. சைவமும் அசைவமும் உண்பவர்கள் ஒரே மேசையில் அமர முடிவதும் சிறிய விஷயமில்லை. அந்த விடுதலைக்கு நாம் தரும் விலை உணவின் காத்திருப்பு. அந்த விலை தகுமா என்பதே கேள்வி.

சராசரி வயிற்றின் விலை

பஃபேயின் விலை, சராசரி வயிறு ஒன்றைக் கற்பனைசெய்து அதற்கு நிர்ணயித்தது. அதற்குக் குறைவாக உண்பவர், கூடுதலாக உண்பவரின் செலவில் ஒரு பகுதியைத் தருகிறார். என் அம்மாவை ஒருமுறை பஃபேக்கு அழைத்துப் போனேன். அவர் உண்டது ஒரு கிண்ணம் சூப், இரண்டு கரண்டி தயிர்ச்சோறு, ஒரு குலாப் ஜாமூன். பக்கத்து மேசைக் கல்லூரி மாணவருக்கு என்ன விலையோ அதே விலைதான் அவருக்கும். குழந்தைகளுக்குப் பாதி விலை வைக்கும் ஹோட்டல்கள் பல உண்டு. முதியவர்களுக்கு வைப்பவை அரிது. தனித்தனியாக ஆர்டர் செய்யும் உணவகத்தில் நான்கு பேர் மூன்று பதார்த்தங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். பஃபேயில் பகிர்தலுக்கு இடமில்லை. ஆகவே சிறுவயிற்றுக்காரர்கள் நிறைந்த குடும்பத்துக்குப் பஃபே பெரும்பாலும் நட்டமே.

பலகையில் எழுதிய விலையும் இறுதி விலை ஆகாது. தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் அது 18 சதவீதம். 2,000 ரூபாய் என்று போட்டிருந்தால் கையைவிட்டுப் போவது 2,360 ரூபாய். அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் கட்டாயமில்லை என்று மறுக்கலாம். அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பஃபேயில் நாமே எழுந்து போய் எடுத்துக்கொள்ளும் நிலையில் இந்த விவரம் இன்னும் முக்கியமாகிறது.

பணம் கட்டியபின் மனம் எப்படி வேலைசெய்கிறது என்பதைப் பொருளியலும் உளவியலும் ஆராய்ந்திருக்கின்றன. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக அரங்கில் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு, எதிர்பாராத தள்ளுபடி தரப்பட்டது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் தள்ளுபடி பெற்றவர்களைவிடக் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லோருடைய சீட்டும் ஒரே நாடகங்களுக்குத்தான். கொடுத்த பணத்தை வீணாக்கக்கூடாது என்ற எண்ணமே முழு விலை கொடுத்தவர்களை அழைத்துவந்தது. பஃபேயில் வயிறு நிறைந்தபின் மூன்றாம் சுற்றுக்கு எழுபவரை எழுப்புவதும் அந்த எண்ணம்தான். கட்டிய பணம் எந்நிலையிலும் திரும்பாது. அந்தச் சுற்று அதை மீட்பதில்லை, அஜீரணத்தைக் கூட்டுகிறது.

கூடவே உடலின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சுவை அலுத்தாலும் வேறு சுவைக்குப் பசி மிச்சமிருக்கும். பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரே வகை சாண்ட்விச் தந்தபோது உண்டதைவிட, நான்கு வகை தந்தபோது மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உண்டார்கள். சாப்பாடு முடிந்தும் பாயசத்துக்கு இடமிருப்பது இதனால்தான். அறுபது வகை மேசை இந்த இயல்பை அறுபது முறை தட்டி எழுப்புகிறது.

பஃபே பற்றிய ஆய்வுகளில் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க், பீட்சா பஃபேயில் திரட்டிய தரவுகளைக் கொண்டு நான்கு கட்டுரைகள் வெளியிட்டார். விலை குறைந்தால் சுவையும் குறைந்ததாகத் தோன்றும், ஆண்கள் பெண்களோடு அமர்ந்தால் அதிகம் உண்பார்கள் என்பன போன்ற முடிவுகள் செய்தித்தாள்களில் பரவின. பிற ஆய்வாளர்கள் எண்களைச் சரிபார்த்தபோது அந்த நான்கு கட்டுரைகளில் மட்டும் சுமார் 150 முரண்பாடுகளைக் கண்டார்கள். 2018இல் பல்கலைக்கழகம் அவர் ஆய்வு நெறியை மீறியதாக அறிவித்தது. அவர் பதவி விலகினார். அவருடைய கட்டுரைகள் பத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. உணவு உளவியல் என்ற பெயரில் வரும் கவர்ச்சியான துணுக்குகளைப் படிக்கும்போது இந்த வரலாற்றை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அறுபது பாகை

காத்திருப்பு சுவையை மட்டும் கெடுப்பதில்லை. சூடான உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 பாகைக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். சோறு பாதுகாப்பானது என்று நினைப்போம். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியைத் தூண்டும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பெரிய பாத்திரத்தில் சமைத்து மெல்ல ஆறவிட்ட இறைச்சிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இன்னொரு கிருமி வளரும்.

உண்பவர் கையில் வெப்பமானி இருக்காது. கண்ணும் நாக்கும் போதும். மூடியைத் திறந்தால் ஆவி வருகிறதா? கீழே எரியும் ஜெல் அணைந்துகிடக்கிறதா? தயிர்ப் பச்சடியும் வெட்டிய பழங்களும் பனிக்கட்டிமேல் இருக்கின்றனவா, அல்லது பனி உருகித் தண்ணீராக நிற்கிறதா? பழைய தட்டில் மிஞ்சியதன்மேல் புதியதைக் கொட்டுகிறார்களா, அல்லது தட்டையே மாற்றுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பழையதன்மேல் புதியதைக் கொட்டினால், அடியில் இருப்பதன் வயது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நிறைந்த தட்டின் கணக்கு

கடைசி விருந்தினர் வரும்போதும் தட்டுகள் நிறைந்திருக்க வேண்டும் என்பது பஃபேயின் எழுதாத சட்டம். விளைவு என்ன? 2017இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் ஹோட்டல் பஃபே ஒன்றை வடிவமைப்பு நிறுவனமான ஐடியோ ஆராய்ந்தபோது, வைத்த உணவில் பாதிக்குச் சற்று அதிகமே உண்ணப்பட்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 28 சதவீதம் உணவகங்களும் விடுதிகளும் அடங்கிய உணவுச் சேவைத் துறையின் பங்கு.

இதைக் குறைக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை என்று நார்வே ஆய்வாளர்கள் ஸ்டெஃபன் கல்பெக்கென், ஹோக்கோன் சேலென் இருவரும் 2013இல் காட்டினார்கள். சில ஹோட்டல்களில் தட்டின் அளவைச் சிறிதாக்கினார்கள். வேறு சிலவற்றில், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டை வைத்தார்கள். இரண்டு வழியிலும் உணவு வீணாவது சுமார் 20 சதவீதம் குறைந்தது. அந்த அட்டை சொல்வது எளிய செய்தி: தீர்ந்துபோகும் என்று அஞ்சவேண்டாம். பந்தியில் வாளியோடு எதிர்நிற்பவரின் முகம் சொல்வதும் அதையேதான்.

தமிழ்நாட்டில் மிஞ்சிய உணவை மீட்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் நல்ல உணவைப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கான விதிமுறைகளை உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019இல் வகுத்தது. ஆனால் மண்டபத்து அண்டாவில் கரண்டி மட்டுமே பட்ட சாம்பாரை எளிதாக எடுத்துச் செல்லலாம். மூன்று மணி நேரம் பலர் திறந்து மூடிய பஃபே தட்டில் இருப்பதை அப்படி எடுக்க முடியாது. நெடுநேரம் காத்திருந்த உணவு தானத்துக்கும் தகுதி இழக்கிறது.

எடைபோடும் முறை

பஃபேக்குப் போனால் நான் முதலில் தட்டை எடுப்பதில்லை. வெறுங்கையோடு ஒரு சுற்று நடக்கிறேன். எந்தெந்த உணவு காத்திருக்கக்கூடியது, எது கூடாது என்று மனத்துக்குள் பிரிக்கிறேன். காத்திருக்கக் கூடாதவற்றை லைவ் கவுன்டரில் மட்டும் வாங்குகிறேன். காத்திருந்தால் நலம்பெறும் குழம்புகளை மேசையில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் சேராததைத் தொடுவதில்லை. சுவீடன்காரர்களைப்போல் குளிர்ந்தது முதலில், சூடானது பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு.

அடுக்களையின் தரத்தை அறிய மூன்று எளிய பொருள்களைப் பார்க்கிறேன்: வெள்ளைச் சோறு, காய்ப் பொரியல், தேங்காய்ச் சட்னி. இறாலும் ஆட்டுத்தொடையும் பெருமைக்காக வைப்பவை. யாரும் அவற்றைக் கவனிக்காமல் விடமாட்டார்கள். சோற்றின் மேற்பரப்பு காய்ந்திருக்கிறதா, பொரியல் பச்சையாக இருக்கிறதா, சட்னி புளித்திருக்கிறதா என்பதை அடுக்களையில் அக்கறையுள்ள ஒருவர் மட்டுமே மணிக்கு மணி கவனித்திருப்பார். அந்த மூன்றும் நன்றாக இருந்த பஃபேயில் மற்றவை மோசமாக இருந்து நான் கண்டதில்லை.

மதிப்பைக் கணக்கிட, எத்தனை இறால் தின்றேன் என்று கூட்டுவதைக் கைவிட்டுவிட்டேன். அன்று மனம் நிறைந்து உண்டவை மூன்றா, நான்கா? அவற்றை அதே தரத்தில் தனித்தனியாக ஆர்டர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரியோடு சேர்த்துப் பஃபேயின் விலை அதைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் கொடுத்த பணம் தகும். எண்ணிக்கையில் அறுபது இருந்து, நினைவில் இரண்டே நின்றால் தகாது. இருபதே வகை வைத்து, சிறிய தட்டுகளில் அடிக்கடி மாற்றி வைக்கும் ஹோட்டலுக்கு நான் அதிக மதிப்பெண் தருகிறேன்.

உண்பவர்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. கல்யாண வீட்டில் பதார்த்தம் தீர்ந்துபோவது பெண் வீட்டாருக்குத் தலைக்குனிவு என்று வளர்ந்தவர்கள் நாம். அதே கண்ணோடு ஹோட்டலுக்குப் போய், பாதி காலியான தட்டைப் பார்த்தால் புகார் செய்கிறோம். அந்தப் புகாருக்கு அஞ்சித்தான் இரண்டே முக்காலுக்கும் தட்டை நிரப்புகிறார்கள். கூட்டம் வருமுன்னே பூரியை அடுக்குகிறார்கள். பாதி காலியான தட்டு பல நேரங்களில் நல்ல செய்தி. வைத்தது தீர்ந்திருக்கிறது, அடுத்தது வரப்போகிறது என்று பொருள்.

சில மாதங்கள் கழித்து அந்த ஞாயிறு பஃபேக்கு மறுபடி போனேன். பூரி வாணலி முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் அடுக்கிவைக்கப் போனபோது, எனக்கு முன்னால் நின்ற பெரியவர், ‘‘அவசரமில்லீங்க, ஒண்ணு ஒண்ணா போடுங்க, நிக்கிறோம்’’ என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே மாவை உருட்டினார். என் முறை வர ஆறு நிமிடம் ஆயிற்று. பூரி உப்பியிருந்தது.